சாயம் வெளுத்தால் தங்கம்

சாரல் சீசனில் குற்றாலம் போகிறவர்கள் அருவியில் குளித்த கையோடு மங்குஸ்தான் வாங்குவார்கள். வெள்ளைச் சுளை வாய்க்கு, ஊதாத் தோல் குப்பைக்கு. தோலின் சாறு வேட்டியில் பட்டால் கறை லேசில் போகாது. குப்பைக்குப் போகும் அந்தத் தோலின் சாற்றைக் கொண்டு ஆய்வாளர்கள் தங்க நானோ துகள்களைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

தங்கத்தை ராஜதிராவகம் என்னும் கடும் அமிலக் கலவையில் கரைத்தால் மஞ்சள் கரைசல் கிடைக்கும். அதில் இருப்பது உலோகமல்ல, மூன்று எலெக்ட்ரான்களை இழந்த அயனி. அந்த மூன்றையும் திருப்பிக் கொடுக்கும் பொருள்தான் ஒடுக்கி. கொடுத்ததும் அணுக்கள் கூடித் துகளாகின்றன. துகள் சுமார் 20 நானோமீட்டர் என்றால் கரைசல் மாதுளைச் சிவப்பாகிவிடும். கர்ப்பப் பரிசோதனை அட்டையில் தெரிகிற சிவப்புக் கோடு பெரும்பாலும் இந்தத் தங்கம்தான்! 1857இல் மைக்கேல் ஃபாரடே பாஸ்பரஸை ஒடுக்கியாக்கினார். 1951இல் டர்கெவிச் குழுவினர் சிட்ரேட் உப்பைச் சேர்த்துக் கொதிக்கவைத்தார்கள். இன்றைக்கும் அதுதான் பாடப்புத்தக முறை.

இதில் சாயத்துக்கு என்ன வேலை? குற்றாலம் சித்திரசபையில் நடராசரே சுவரோவியமாக இருக்கிறார். மூலிகை வண்ணங்கள் என்பார்கள். இயற்கைச் சாயம் எதுவானாலும் வெயில் பட்டால் நாளடைவில் வெளுக்கும். ஒளியை விழுங்கிய சாய மூலக்கூறு கிளர்ச்சியடைகிறது. அந்த நிலையில் எலெக்ட்ரானை எளிதில் விட்டுவிடும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதைப் பறித்தால் மூலக்கூறு சிதைந்து நிறம் போய்விடும். பக்கத்தில் தங்க அயனி இருந்தால் எலெக்ட்ரான் அதற்குப் போய்ச் சேரலாம். இயோசின் போன்ற சாயங்கள் தரகு வேலையும் பார்க்கும்: துணைக்குச் சேர்த்த அமீனிடம் எலெக்ட்ரானை வாங்கி, ஒளியின் தயவில் வேறு மூலக்கூறுக்குக் கைமாற்றிவிடும். விளக்கை அணைத்தால் அந்த வரத்து நின்றுபோகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தைப் பிடிக்கலாம். கொதிக்கும் குடுவையில் இந்த வசதி கிடையாது.

மங்குஸ்தான் கதை வேறு. தோலில் அந்தோசயனின் சாயம் மட்டுமா இருக்கிறது? டானின், சாந்தோன் என்று ஒரு கூட்டமே உண்டு. எலெக்ட்ரானைக் கொடுத்தது யாரென்று பிரித்துச் சொல்வது கஷ்டம். வெளிச்சம் இல்லாமலும் வேலை நடக்கும். 2004இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகம் எலுமிச்சைப் புல் சாற்றில் முக்கோணத் தங்கத் துகள்களை விளைவித்தது; 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் வெளியான நல்ல ஆய்வு. அதன்பிறகு ஆளுக்கொரு இலையோடு கிளம்பிய கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. பருவம் மாறினால் சாறு மாறும், சாறு மாறினால் துகளும் மாறும். ராஜதிராவகத்தில் தொடங்கிவிட்டு 'பசுமை முறை' என்று பெயர் சூட்டுவதும் கொஞ்சம் அதிகப்படிதான்.

சிட்ரேட் துகளில் உப்பைப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிச் சிவப்பு நீலமாகிவிடும். தாவரச் சாற்றில் பிறந்த துகள்கள் பல, மேலே படிந்த போர்வையால் உப்பைத் தாக்குப்பிடிக்கும். ஆனால் பரிசோதனை அட்டை செய்கிறவருக்கு அந்தப் போர்வையே இடைஞ்சல். நோய் எதிர்ப்புப் புரதம் தங்கத்தில் ஒட்ட வேண்டுமானால் முதலில் அதை விலக்கியாக வேண்டும். சிட்ரேட்டோ தானே இடம்விட்டு ஒதுங்கிக்கொள்ளும்.