நம்முள் ஓடும் சரக்கு வண்டிகள்

சிட்லபாக்கத்திலிருந்து சானடோரியம் நிலையத்துக்கு நடந்து வந்து மின்சார ரயிலுக்குக் காத்து நிற்கும்போது, நம் காலுக்குள்ளும் ஒரு தண்டவாளம் இருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதுகுத் தண்டிலுள்ள ஒரு நரம்பணுவின் இழை, வளர்ந்தவர்களுக்குப் பாதம் வரை ஏறக்குறைய 1 மீட்டர் நீளும். அதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை அணுவின் உடற்பகுதியிலேயே தயாராகின்றன. தாமாக மிதந்து நுனியை அடைவதென்றால் ஓர் ஆயுள் போதாது. ஆகவே இழை நெடுக நுண்குழாய்கள் தண்டவாளமாய் அமைந்துள்ளன. அவற்றின்மேல் ‘கைனெசின்’ என்னும் புரதம் சரக்குப் பையைச் சுமந்துகொண்டு நுனியை நோக்கி நடக்கிறது. ஆம், நடக்கிறது! அடிக்கு 8 நானோமீட்டர். ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஏ.டி.பி. மூலக்கூறு செலவு. அடியெடுத்து வைக்கும் அந்த இரு பாகங்களை அறிவியலார் ‘தலைகள்’ என்பது வேடிக்கைதான். திரும்பும் சரக்கை ‘டைனீன்’ என்ற வேறொரு புரதம் கொண்டுவருகிறது. கைனெசினை 1985இல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கணவாயின் நரம்பில் கண்டறிந்தனர்.

இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வண்டிக்குரிய மரபணுவே கே.ஐ.எஃப்.1ஏ. 1 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவிலும் இதற்கு இணையான மரபணு உண்டு. அது பழுதுபட்ட புழுக்கள் சரிவர நெளிந்து செல்ல இயலாமல் கிடந்தன; அவற்றின் சரக்குப் பைகள் புறப்பட்ட இடத்திலேயே தேங்கியிருந்தன. இது 1991இல் தெரியவந்தது. புழுவின் உடல் கண்ணாடிபோல் தெளிந்தது. அதனால் வண்டிகள் ஓடுவதை உயிருள்ள புழுவிலேயே நுண்ணோக்கியால் பார்க்கலாம். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சந்தியா கௌசிகாவின் குழு இப்புழுவைக் கொண்டே நரம்பின் சரக்குப் போக்குவரத்தை ஆராய்கிறது.

மனிதரில் இம்மரபணு கெட்டால் குழந்தை நடக்கத் தாமதமாகும், கால்கள் விறைக்கும், சிலருக்கு வலிப்பு வரும், பார்வை நரம்பு தேயும். உடனே, “கிரகணத்தன்று வெளியே போனாயா?” என்று தாயைக் கேட்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. ஆனால் இந்நோயுள்ள குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோரிடம் அப்பிழை இருப்பதில்லை. அது புதிதாய் நேர்ந்தது. சில வகைகளில் மட்டும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படி ஒவ்வொன்று வந்து சேர்கிறது. அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். எனவே அங்கு திருமணத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறலாம்.

இதற்கு முழுக் குணம் தரும் மருந்து இன்னும் இல்லை. எனினும் அமெரிக்காவில் ஒரே ஒரு நோயாளிக்கென்று தனியாகத் தயாரித்த மருந்தால் அவருடைய தொல்லைகள் சில குறைந்ததாக 2024இல் மருத்துவர்கள் எழுதினர்.