'சர்நேம்' கட்டத்தில் என்ன எழுதுவது?

தில்லியில் பள்ளிக்கூட விண்ணப்பமோ, பாஸ்போர்ட் மனுவோ, எதை எடுத்தாலும் 'சர்நேம்' என்றொரு கட்டம் உண்டு. சர்மா, குப்தா, அரோரா என்று எழுதிப் பழகிய ஊர். நம்மவர் பேனா அங்கே தயங்கி நிற்கும். முடிவில் தகப்பனார் பெயரை எழுதிவிடும்.

நம் வழக்கமோ வேறு. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தே மகனுக்கு இனிஷியல். சிலருக்கு ஊர்ப் பெயரும் சேரும். பாட்டன் பெயரைத் தாங்குவதால் அவன் பேரன். எஸ். ராமன் மகன் ஆர். சுப்பிரமணியன், அவர் மகன் மீண்டும் எஸ். ராமன்!

புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ஆணை சிலருக்கு இதை மாற்றியது. தங்கள் வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள், குடும்பப் பெயர் ஒன்றைப் பதிய வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' ஆனார். வழிவழியாகத் தொடரும் அத்தகைய பெயரைப் பிடித்துக்கொண்டு சந்ததியார் பதிவேடுகளில் முன்னோரைத் தேடலாம். வட இந்தியக் குடும்பங்களுக்கோ ஹரித்துவார்ப் பண்டாக்களின் வம்சாவளி ஏடுகள் இருக்கின்றன.

நமக்கு? பழைய கல்யாணப் பத்திரிகையில் 'பௌத்திரன்', 'பௌத்திரி' என்ற வரிகளைப் பாருங்கள்; பாட்டனார் பெயர் கிடைக்கும். கிரயப் பத்திரத்தில் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கும். பாட்டிமார் பெயர்கள்தாம் எந்த இனிஷியலிலும் வருவதில்லை. அவை பெரியவர்களின் நினைவோடு போய்விடும்.

அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். தில்லியில் பிறந்த குழந்தைக்குத் தன் இனிஷியலின் விரிவாவது தெரியட்டும்.