வெயிலுக்குப் பழகும் உடல்

பங்குனி பிறந்ததும் தமிழ்நாட்டு மைதானங்களின் நேர ஒழுங்கு மாறத் தொடங்குகிறது. தை, மாசி மாதங்களில் வெயில் ஏறிய பிறகும் நீடித்த ஓட்டப் பயிற்சிகள் இப்போது ஏழு மணிக்குள் முடிந்துவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆட்டங்கள் விடியற்காலைக்கு நகர்கின்றன. கபடிக் குழுக்கள் சுவரொட்டிகளில் ‘மின்னொளி’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்து இரவு ஆட்டங்களுக்கு மாறுகின்றன. அறிவியல் நூல் எதையும் பார்த்து வகுக்கப்படாத இந்த ஒழுங்கு, மனித உடல் வெப்பத்தைக் கையாளும் முறையோடு பெருமளவு பொருந்தியிருக்கிறது. ஆனால் அது ஒரு நாளுக்குள் எந்த மணி நேரம் ஆட ஏற்றது என்பதை மட்டுமே கவனிக்கிறது. கோடை தொடங்கி எத்தனை நாளாயிற்று, உடல் அதற்குப் பழகிவிட்டதா என்பதைக் கவனிப்பதில்லை. வெயிலால் மைதானத்தில் நேரும் துன்பங்களில் பல இந்த இரண்டாவது கேள்வியைக் கேளாததால் வருபவை.

ஓடும் மனிதனுக்கு வெளி வெயிலைவிட முதலில் சுமையாவது அவனுடைய தசைகளே உண்டாக்கும் வெப்பம்தான். உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மட்டுமே தசை இயக்கமாக மாற்ற முடிகிறது. எஞ்சியது வெப்பமாக வெளிப்படுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் சுமார் 600 கிலோகலோரி செலவாகிறது. அதில் ஏறக்குறைய 450 கிலோகலோரி வெறும் வெப்பம். அவருடைய உடலின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த 50 கிலோகலோரி போதும் என்பதால், இந்த வெப்பம் வெளியேற வழியே இல்லாமற்போனால் ஆறேழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடேறும். 37 டிகிரியில் தொடங்கியவர் அரை மணி நேரம் ஆவதற்குள் 40 டிகிரியைத் தாண்டிவிடுவார். மூளையும் குடலும் சிறுநீரகமும் தாங்கக்கூடிய எல்லை அதற்கு அப்பால் அதிக தூரத்தில் இல்லை.

அப்படி நேராமல் காப்பது தோல். உள்ளுறுப்புகளில் சேரும் வெப்பத்தை இரத்தம் தோலுக்குச் சுமந்து வருகிறது. அங்கே காற்றோட்டத்தாலும் கதிர்வீச்சாலும் ஒரு பகுதி வெளியேறுகிறது. ஆனால் கோடையில் தோலின் வெப்பநிலை 35 டிகிரி அளவில் இருக்கும்போது காற்று 38 டிகிரியில் இருந்தால், அந்த வழிகள் அடைபடுவதோடு நில்லாமல் எதிர்த்திசையிலும் வேலை செய்து, வெளி வெப்பத்தை உடலுக்குள் கொண்டுவருகின்றன. அப்போது மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின் மேலேயே ஆவியானால், நீர்மம் ஆவியாக மாறுவதற்குத் தேவைப்படும் உள்ளுறை வெப்பமாக ஏறத்தாழ 580 கிலோகலோரியை அது உடலிலிருந்து எடுத்துச் செல்லும். மேலே சொன்ன ஓட்டக்காரரின் ஒரு மணி நேர வெப்பத்துக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையும், சட்டையிலிருந்து பிழிந்தெடுக்கப்படும் வியர்வையும் உடலை ஏறக்குறைய சிறிதும் குளிர்விப்பதில்லை. உடலிலிருந்து நீர் போனது மட்டுமே மிச்சம்.

சென்னைக்கும் கரூருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிறக்கிறது. மே மாதத்தில் கரூரிலோ வேலூரிலோ வெயில் 40 டிகிரியைத் தொடும்போது காற்றின் ஈரப்பதம் பிற்பகலில் பெரிதும் குறைந்திருப்பதால், சுரந்த வியர்வை கண்ணுக்குத் தெரியாமலே மறைந்து, பனியனில் வெண்ணிற உப்புக் கோடுகளை மட்டும் விட்டுச் செல்கிறது. கடலோரத்தில் வெப்பமானி 33 டிகிரியைத்தான் காட்டும். உடலோ தெப்பலாக நனைந்திருக்கும். இந்த வேறுபாட்டை ஒற்றை எண்ணால் காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை: வெப்பமானியின் குமிழ் மேல் நனைந்த துணியைச் சுற்றி, காற்று வீசும்படி வைத்து எடுக்கும் அளவு. மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போலவே, நனைந்த துணியும் ஆவியாதலால் எவ்வளவு குளிர முடியுமோ அவ்வளவு குளிர்ந்து நிற்கிறது. 40 டிகிரி வெப்பமும் 25 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் அது சுமார் 24 டிகிரியாக இருக்கும். 33 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றிலோ 29 டிகிரியாக உயர்ந்துவிடும். வெப்பமானியில் ஏழு டிகிரி குறைவாகத் தெரியும் இடத்தில்தான் வியர்வையின் வேலை கடினமாகிறது. செய்தித்தாள்கள் ‘சதமடித்த வெயில்’ என்று எழுதும் ஊர்களைவிட, அந்தப் பட்டியலில் இடம்பெறாத கடலோர ஊர்களில் சில நாள்களில் ஆட்டக்காரர்களுக்கு ஆபத்து அதிகம்.

சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை நடந்த இந்திய-ஆஸ்திரேலிய டெஸ்ட், ஆட்டம் சமனில் முடிந்ததற்காக வரலாற்றில் நிற்கிறது. உடலியல் மாணவர்களுக்கு அது வேறொரு காரணத்துக்காகவும் முக்கியமானது. எட்டு மணி நேரத்துக்கு மேல் களத்தில் நின்று 210 ஓட்டங்கள் எடுத்த ஆஸ்திரேலிய வீரர் டீன் ஜோன்ஸ், ஆடிக்கொண்டிருக்கும்போதே பலமுறை வாந்தி எடுத்தார், கைகால்கள் இழுத்துப் பிடித்தன, ஆட்டமிழந்த பின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவருக்கு இரத்தக்குழாய் வழியாக உப்புநீர் ஏற்றப்பட்டது. அன்றைய வெப்பம் 40 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் என்று அந்த ஆட்டத்தைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அவை இரண்டும் ஒரே நேரத்தில் நிலவியிருக்க முடியாது: அப்படி நிலவியிருந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலை 36 டிகிரியைத் தாண்டியிருக்கும், மைதானத்தில் ஒருவராலும் நின்றிருக்க முடியாது. ஈரப்பதம் விடியற்காலையில் உச்சத்திலும் வெப்பம் பிற்பகலில் உச்சத்திலும் இருப்பதே நியதி. ஜோன்ஸை வீழ்த்தியதற்கு அத்தகைய மிகையான எண்கள் தேவையும் இல்லை. தாய்நாட்டின் குளிர்காலம் முடிந்த கையோடு கடலோர வெக்கையில் நாள் முழுவதும் மட்டை பிடிப்பதே ஓர் இளைஞரை அந்நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டினால் ஆரோக்கியமான உடலும் நிழலில் ஓய்வாக இருந்தபடியே சில மணி நேரத்தில் செயலிழக்கும் என்பது 2010இல் ஷெர்வுட், ஹியூபர் ஆகியோர் வகுத்த கோட்பாட்டு எல்லை. பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம் வயதினரை வெப்ப அறையில் வைத்துச் செய்த சோதனைகள், ஈரப்பதம் மிகுந்த சூழலில் அந்த எல்லை 31 டிகிரிக்கு அருகிலேயே வந்துவிடுவதைக் காட்டின. அவர்கள் அன்றாட வேலை அளவுக்கு மெதுவாகத்தான் உடலை அசைத்தார்கள். ஓடுபவருக்கும் பாடிச் செல்லும் கபடி வீரருக்கும் எல்லை இன்னும் கீழே இருக்கும்.

வெப்பத்துக்கு உடல் பழக முடியும் என்பதும், பழகுவதற்குக் காலம் தேவை என்பதும் முறையாகத் தெரியவந்தது தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில். ஆழச் சுரங்கங்களின் ஈரமான வெக்கையில் தொழிலாளர்கள் மாண்டதைத் தொடர்ந்து, 1930களில் டிரியோஸ்டி என்ற மருத்துவர், புதிதாக வந்தவர்களை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக வேலையைக் கூட்டிப் பழக்கினால் இறப்புகள் குறைவதைக் காட்டினார். அதற்குப் பிறகான ஆய்வுகள் உடலுக்குள் நிகழும் மாற்றங்களை வரிசைப்படுத்தியிருக்கின்றன. முதல் நான்கைந்து நாள்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. தசைக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் அனுப்பத் திணறிய இதயம், அதனால் குறைந்த துடிப்பிலேயே அதே வேலையைச் செய்துவிடுகிறது. அடுத்த சில நாள்களில் வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அளவும் கூடுகிறது. உப்பைத் திருப்பி உறிஞ்சும்படி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் வியர்வைச் சுரப்பிகளுக்கு ஆணையிடுவதால், வியர்வை நீர்த்துப்போய் உப்பு உடலிலேயே தங்குகிறது. இவையெல்லாம் முழுமை பெற ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். வெயிலில் சும்மா உட்கார்ந்திருப்பதால் இந்தப் பழக்கம் முழுமையாக வருவதில்லை, வெப்பத்தில் உடல் உழைத்தாக வேண்டும். உழைப்பு நின்றால் மூன்று நான்கு வாரங்களுக்குள் பெரும்பகுதி கரைந்தும் போகிறது.

இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டின் பள்ளி நாள்காட்டியோடு வைத்துப் பார்த்தால் கவலை பிறக்கும். ஆண்டுத் தேர்வுக்காகப் பங்குனியிலேயே விளையாட்டுப் பிரிவேளைகள் கைவிடப்படுகின்றன. அதற்குப் பின் ஒரு மாதத்துக்கு மேல் விடுமுறை. அந்த நாள்களில் நகர்ப்புறப் பிள்ளைகள் பலர் மின்விசிறிக்கும் குளிரூட்டிக்கும் அடியில் இருந்துவிட்டு, ஜூனில் பள்ளிக்குத் திரும்புகிறார்கள். சென்னையின் மிகக் கடுமையான வெயிலாகப் பதிவான 45 டிகிரி, 2003 மே 31 அன்று, அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகே அடித்தது. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வெயிலின் காரணமாகப் பள்ளித் திறப்பு தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் திறந்த பின் குறுவட்டப் போட்டிகளுக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அவசரத்தில், முதல் வாரத்திலேயே முழு வேக ஓட்டமும் முழு நேர ஆட்டமும் தொடங்கிவிடுகின்றன. அந்த முதல் வாரத்தை மெது ஓட்டத்துக்கும் குறுகிய ஆட்டங்களுக்கும் ஒதுக்கி, இரண்டாம் வாரத்தில் வேகத்தையும் மூன்றாம் வாரத்தில் நேரத்தையும் கூட்டினால், பணச் செலவு ஏதுமின்றி உடற்கல்வி ஆசிரியரால் பிள்ளைகளைக் காக்க முடியும். காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிப் பழகும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். எழுத்துத் தேர்வு முடியும் வரை அறைக்குள் படித்துவிட்டு, உடல்திறன் தேர்வுக்கு அழைப்பு வந்ததும் நேரடியாக முழு வேகத்தில் இறங்குவது அவர்களிடம் பரவலாகக் காணப்படும் வழக்கம்.

நீரைப் பற்றிய அறிவுரைகள் ஏராளம். உப்பைப் பற்றிய பேச்சு குறைவு. பழகாத உடலின் வியர்வை ஒரு லிட்டரில் மூன்று கிராமுக்கு மேற்பட்ட உப்பு வெளியேறக்கூடும். பல மணி நேரம் வியர்த்தபின் வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலியும் குழப்பமும், கடுமையானால் வலிப்பும் வரலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. உப்பிட்ட நீர்மோரும், உப்புப் போட்ட நீராகாரமும் இந்தக் குறையை நேராக ஈடுசெய்பவை. ஆட்ட இடைவேளையில் நிறமூட்டிய புட்டிப் பானங்களைத் தேடும் குழுக்கள் மோர்ப் பானைக்குத் திரும்பினால் இழப்பு ஒன்றும் இல்லை.

பருவம் ஆட்டக்காரரை மட்டுமன்றி ஆடுகளத்தையும் மாற்றுகிறது. ஹாக்கிக்குப் பேர்பெற்ற கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் மண், நீரை உறிஞ்சி உப்பும் களிமண் வகையைச் சேர்ந்தது என்பதால் ஐப்பசி மழையில் காலை விடாமல் பிடித்துக்கொள்கிறது, கோடையில் கணுக்கால் பிசகும் அளவுக்கு வெடித்துப் பிளக்கிறது. இதற்கு மாற்றாக வந்த செயற்கைப் புல் தரைக்கு வேறொரு குறை உண்டு. உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. செயற்கை இழையும் ரப்பர்த் துகளும் அதைச் செய்ய முடியாததால், நண்பகல் வெயிலில் அவற்றின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவதுண்டு. நகரங்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் ‘டர்ஃப்’ களங்களில் பகல் நேரக் கட்டணம் குறைவாக இருப்பதால் சிறுவர்கள் அந்த நேரத்தையே தேர்ந்தெடுப்பது வருந்தத்தக்கது.

வெப்பம் உடலை வென்றுவிட்ட நிலையை, மருத்துவமனைகளில் ‘ஹீட் ஸ்ட்ரோக்’ என்று வழங்கும் வெப்பத் தாக்கை, அடையாளம் காண்பதில் ஒரு பிழை நிலைத்திருக்கிறது. வியர்வை நின்று தோல் வறண்டால்தான் அது வெப்பத் தாக்கு என்று பலர் நம்புகிறார்கள். ஆட்டக்காரர்களுக்கு வரும் வகையில் உடல் வியர்த்துக்கொண்டே இருக்கலாம். நடை தள்ளாடுவது, கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொல்வது, காரணமின்றிச் சினப்பது ஆகியவையே முதல் அறிகுறிகள். அவற்றைக் கண்டதும் வண்டியைத் தேடுவதற்கு முன் உடலைக் குளிர்விக்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தின் உறுதியான விதி: கழுத்து வரை குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது சிறந்தது, தொட்டி இல்லாத இடத்தில் கிணற்று நீரையோ குழாய் நீரையோ தொடர்ந்து ஊற்றி விசிறலாம், அக்குளிலும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் பனிக்கட்டி வைக்கலாம். 108க்கு அழைப்பது இவற்றோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.

விளையாட்டுக்கான வெப்ப எச்சரிக்கைகள் உலகெங்கும் பெரும்பாலும் ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்ற கூட்டு அளவைக் கொண்டு விடுக்கப்படுகின்றன. அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுந்ததை ஆராய்ந்த யாக்லூவும் மினார்டும் 1957இல் வெளியிட்ட சூத்திரம் அது. அதில் ஈரக்குமிழுக்கு 70 விழுக்காடு, வெயிலின் கதிர்வீச்சை அளக்கும் கருநிறக் கோளத்துக்கு 20 விழுக்காடு, சாதாரணக் காற்று வெப்பத்துக்கு வெறும் 10 விழுக்காடு எடை தரப்படுகிறது. மின்னொளிக் கபடி கதிரவனை விலக்குவதன் மூலம் அந்த 20 விழுக்காட்டைத்தான் பெரிதும் குறைக்கிறது. கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ சித்திரை, வைகாசி இரவுகளில் காற்று அசையாமல் புழுங்கும்போது ஈரக்குமிழின் 70 விழுக்காடு ஏறத்தாழ அப்படியே நிற்கிறது; சுற்றிலும் நெருங்கி நிற்கும் கூட்டமும் இருக்கிற கொஞ்சக் காற்றைத் தடுத்துவிடுகிறது. ஆண்கள் ஆட்டத்தின் 20 நிமிடப் பாதிகள் இரண்டுக்கும் இடையே விதிப்படி கிடைப்பது 5 நிமிடம். கடலோர ஊர்களில் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் இன்னொரு சிறிய இடைவேளையை நடுவர்கள் அனுமதிக்கலாம். ஒரே இரவில் நான்கைந்து ஆட்டம் ஆடி இறுதிக்கு வரும் குழுவுக்கு, ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு மணி நேரமாவது ஓய்வு கிடைக்கும்படி விழாக் குழுவினர் அட்டவணை போடலாம்.