பல்புக்குள் ஒரு கிண்ணம்

போடியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று வாங்கி, சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியுமுன் பயணிகளை ஏற்றிப் போகிறாராம். ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. 100/90 வாட் பல்பு போடலாமா, எல்.இ.டி. போடலாமா என்று கேட்கிறார். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

காரணத்தை ஹெட்லைட்டில் இருக்கும் எச்4 பல்பிலேயே பார்க்கலாம். கழற்றிக் கையில் எடுங்கள், கண்ணாடியில் மட்டும் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடும். உள்ளே டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு இழைகள். டிம் இழைக்கு அடியில் நகத்தளவு உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. 1971-இல் இந்தப் பல்பு வந்ததிலிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

எங்கள் வீட்டில் அரிக்கேன் விளக்கு எரிந்த நாளில், பாட்டி சிம்னிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு போஸ்ட்கார்டைச் செருகி வைப்பார். பிள்ளைகள் தூங்கும் பக்கம் இருட்டு, அவர் அரிசி புடைக்கும் பக்கம் வெளிச்சம். கிண்ணத்தின் வேலையும் அதுதான். டிம் இழையிலிருந்து கீழே இறங்கும் ஒளி, பல்பைச் சுற்றியிருக்கும் வெள்ளிப்பூச்சுக் குழிவான டூமின் அடிப்பாதியில் பட்டால், மேலே எழும்பி எதிரே வருபவரின் கண்ணில் அறையும். கிண்ணம் அதை மறிக்கிறது. மேல்பாதியில் பட்ட ஒளி மட்டும் சாய்ந்து சாலையில் விழுகிறது. கிண்ணத்தின் ஒரு விளிம்பு 15 பாகை சரிந்திருக்கும். அதனால்தான் நம் ஊர் வண்டிகளில் வெளிச்சம் இடப்பக்கம் சற்று ஏறி, சாலையோரம் நடப்பவரைக் காட்டுகிறது.

இத்தனையும் இழை தன் இடத்தில் இருந்தால்தான். தலையைத் திருகினால் வெளிச்சம் குவிந்து விரியும் பழைய டார்ச் லைட் நினைவிருக்கிறதா? பல்பு இம்மியளவு நகர்ந்தாலே கதை மாறிவிடும். மலிவான எல்.இ.டி. பல்புகளில் ஒளி வரும் இடமும் வடிவமும் இழையைப் போல இருப்பதில்லை. வெளிச்சம் கிண்ணத்தை மீறிச் சிதறுகிறது. பக்கத்து மரமெல்லாம் பளிச்சென்று தெரியும், தூரத்துப் பள்ளம் தெரியாது. மலைப்பனியில் அந்தச் சிதறல் வெள்ளைத் திரையாகி நம் கண்ணுக்கே திரும்பி வரும்.

100/90 பல்பின் சங்கடம் வேறு. டிம்மில் 55 வாட் இரண்டுக்கு ஏறத்தாழ 9 ஆம்பியர் போதும். 90 வாட் இரண்டுக்கு 15 வேண்டும். பழைய ஜீப்பில் அத்தனை மின்சாரமும் சுவிட்ச் வழியாகவே போகிறது. வயர் உருகி நாறும். உண்மையில் குறை பெரும்பாலும் அந்த வயரில்தான். பல்புக்கு வரும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த வயர் இழுத்து, ரிலே போடுங்கள். எர்த் முனையைச் சுரண்டித் துடையுங்கள். வெள்ளிப்பூச்சு மங்கிய டூமை மாற்றுங்கள். பழைய 60/55 பல்பே புதிதாகத் தெரியும்.

பிறகு அலைன்மென்ட். நம்மிடம் அறவே கவனிப்பில்லாத வேலை இதுதான். ஸ்பிரிங் பட்டாவை உயர்த்துகிறார்கள், பெரிய டயர் போடுகிறார்கள், விளக்கை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பட்டறையில் காலி வண்டியில் சரிபார்த்துவிட்டு, பின்னால் ஆறு பேரை ஏற்றினால் மூக்கு தூக்கிக்கொள்ளும்; டிம்மும் பிரைட்டாகிவிடும். போடிமெட்டு வளைவு ஒன்றில் அப்படியொரு வெளிச்சம் கண்ணில் அடித்து, சாலை எந்தப் பக்கம் என்றே தெரியாமல் சில நொடி நின்றிருக்கிறேன். இடப்பக்கம் பள்ளம்.

வாசகரே, டயர் காற்றைச் சரிபார்த்து, வழக்கமாக ஏறும் ஆட்களை உட்காரவைத்து, சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் உட்காரும்வரை திருகைத் திருப்புங்கள். கூலிக்கு ஆள் வேண்டாம்; ஒரு ஸ்க்ரூடிரைவரும் அரைமணி நேரமும் போதும்.