கோரைக்கு மருந்து வாங்கப் போகுமுன்

கோரையை மருந்தடித்துக் கருக்கிவிட்டு, சில வாரத்திலேயே அதே இடத்தில் பச்சை தலைநீட்டுவதைப் பார்க்காத விவசாயி இருக்க மாட்டார். மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதும் உண்டு. பல நேரம் மருந்தின் மேல் தப்பில்லை. சாகாதது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு.

கோரைக் கிழங்குகள் சங்கிலிபோலக் கோத்துக் கிடக்கும். நுனிக் கிழங்கு முளைத்திருக்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கும். சங்கிலி அறுந்தால் ஒவ்வொன்றும் தனியாக விழித்துக்கொள்ளும். ஈர மண்ணில் ரோட்டாவேட்டர் ஓட்டினால் கோரைக்கு நாமே நாற்றுவிட்ட மாதிரிதான். கலப்பையில் ஒட்டிய மண்ணோடு அது அடுத்த காட்டுக்கும் போகும். வாடகை டிராக்டர் வந்தால் கழுவிவிட்டு இறங்கச் சொல்லுங்கள், ஓட்டுநர் முகம் சுளித்தாலும் சரி.

கிழங்குக்கு வெயில் ஆகாது, தழைக்கு நிழல் ஆகாது. சித்திரை வெயிலில், மண் காய்ந்திருக்கும்போது, சட்டிக்கலப்பையால் புரட்டிக் கிழங்கை மேலே காயவிட்டால் ஈரம் வற்றிச் சாகும். நடுவில் கோடை மழை பெய்தால் மறுபடி புரட்ட வேண்டியதுதான். தப்பி முளைப்பதற்குச் சணப்போ தக்கைப்பூண்டோ நெருக்கி விதைத்து நிழல் கட்டுங்கள். ஒரே பருவத்தில் ஒழியாது. ஒழியும் என்று சொல்லி விற்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

பாராகுவாட் தழையைத்தான் கருக்கும், கிழங்கைத் தொடாது. மனிதர் உடம்புக்குள் போனாலோ அதற்கு மாற்றுமருந்தே கிடையாது. கிளைபோசேட் தழை வழியாகக் கிழங்குக்கு இறங்கும், ஆனால் உறங்கும் கிழங்குகள் பெரும்பாலும் தப்பிவிடும். இந்தியாவில் அதற்குப் பதிவு இருப்பது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லா நிலத்துக்கும்தான். பூச்சி ஒழிப்புத் தொழில் செய்பவர் தவிர வேறு யாரும் அதைத் தெளிக்கக்கூடாதென்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. பயிருக்குள் அடிக்கச் சொல்லிக் கொடுக்கும் கடைக்காரர் வாய்வார்த்தைக்குப் பில் போட மாட்டார்.

அந்தப் பில்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் களைக்கொல்லியும் அடக்கம். உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது. தொகுதி எண்ணோடு பில் கேளுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள், துண்டுப்பிரசுரத்தைப் பிரித்துப் படியுங்கள். டப்பாவில் உள்ள முக்கோணம் சிவப்பென்றால் கடும் நச்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சை என்றால் நச்சே இல்லை என்று அர்த்தமில்லை.

பயிர் கருகினால் டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். படமெடுத்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, வயலை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். மிச்ச மருந்தை ஆய்வுக்கு எடுக்கும் அதிகாரம் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு உண்டு. இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமும் இல்லை.