நாமும் முதலாளிதான்!

குழு சார்பில் கடை வைத்து, சம்பளத்துக்கு ஆள் போட்டிருந்தால் நாமும் முதலாளிதான்.

தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. கேரளாவில் 2018-லேயே இதுபோல் வந்துவிட்டது. வேலை செய்யும் எல்லோருக்கும் இருக்கை போடணும். இடையில் நேரம் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம்.

சட்டம் வந்தும் நம்ம விற்பனை நிலையத்தில் ஸ்டூல் போடவில்லை. அங்கே நிற்கும் தங்கச்சி கால் வீங்கிச் சொன்ன பிறகுதான் வாங்கினோம். இது நம்ம தப்பு.

இனி சட்டம் மாறினால் என்ன செய்யலாம்?

1. மாதக் கூட்டத்தில் வாசித்துச் சொல்லுங்க.
2. ஆகும் செலவுக்குத் தீர்மானம் எழுதுங்க.
3. வேலை செய்பவரிடமும் சொல்லுங்க.
4. சந்தேகம் வந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்க.

ஜவுளிக்கடைக்குப் போகும் நம்ம மகளுக்கு நாம் கேட்பதை, நம்ம கடைக்கு வரும் பிள்ளைக்கும் கொடுப்போம்!