ரூ.10 ஆயிரம் கட்டினால் கேஸ் முடிந்ததா? குடித்துவிட்டு ஓட்டி சிக்கினால் 3 மாதம் லைசென்சு 'கட்'! வகுப்புக்கு போனால்தான் திரும்ப கிடைக்கும்

சென்னை:-

குடித்துவிட்டு வண்டி ஓட்டி போலீசில் சிக்கும் பலரும் ரூ.10 ஆயிரம் அபராதத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். கடனை உடனை வாங்கி அதை கட்டிவிட்டால் 'தலைவலி விட்டது' என்று நிம்மதி பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் உண்மையான தலைவலி அதற்கு பிறகுதான் ஆரம்பம்.

ஆட்டோ, லோடு வேன், கால் டாக்சி, லாரி ஓட்டி பிழைப்பவர்களுக்கு லைசென்சுதான் சோறு போடுகிறது. 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டம் அதில்தான் கை வைக்கிறது. முதல் தடவை சிக்கினால் 3 மாதம் லைசென்சு முடக்கப்படலாம். 3 மாதம் முடிந்தாலும் சும்மா திரும்ப வராது. வகுப்பில் உட்கார்ந்து பயிற்சியை முடித்தால்தான் கைக்கு வரும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

எவ்வளவு குடித்தால் கேஸ்?

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குற்றம். மோட்டார் வாகன சட்டம் 185-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. வண்டி ஆடாமல் அசையாமல் நேராக போனாலும் கேஸ் உண்டு. கருவி காட்டும் அளவுதான் கணக்கு.

"சார், ஒரே ஒரு கட்டிங்தான்" என்று கெஞ்சுவோர் உண்டு. 70 கிலோ எடை உள்ள ஆண் ஒருவர் 90 மில்லி பிராந்தி குடித்தாலே அளவு தோராயமாக 60-ஐ தொடும். அதாவது அனுமதித்ததைப்போல 2 மடங்கு. குவார்ட்டர் என்றால் 120-ஐ தாண்டிவிடும். எடை குறைந்தவர்களுக்கும், வெறும் வயிற்றில் குடிப்பவர்களுக்கும் இன்னும் ஏறும்.

ராத்திரி குடித்தது காலையில் காட்டும்

பலர் ஏமாறுவது இங்கேதான். உடம்பு ஒரு மணி நேரத்தில் சுமார் 15 மில்லி கிராம் அளவைத்தான் குறைக்கும். ராத்திரி 11 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டு படுப்பவர், அதிகாலை 4 மணிக்கு காய்கறி லோடு ஏற்ற வண்டியை எடுத்தால் அப்போதும் அளவு 50-க்கு பக்கத்தில் இருக்கும். தூங்கி எழுந்து, பல் விளக்கி, குளித்துவிட்டு வந்தாலும் கருவியில் ஊதினால் மாட்டுவார். ஆப் பாட்டில் அடித்தவருக்கு மறுநாள் மதியம் வரை ஆபத்துதான்.

ஏலக்காய், பாக்கு, மோர், எலுமிச்சை சாறு, கறுப்பு காபி எதுவும் உதவாது. கருவி பிடிப்பது வாய் நாற்றத்தை அல்ல. ரத்தத்தில் கலந்த ஆல்கஹால் நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது. அதைத்தான் அது அளக்கிறது. போதையை இறக்க நேரம் ஒன்றுதான் மருந்து.

ஊத மறுத்தால்?

'ஊத மாட்டேன்' என்று அடம்பிடித்தால் தப்பிக்க முடியாது. குடித்திருப்பதாக சந்தேகம் இருந்தால் வாரண்டு இல்லாமலே கைது செய்ய போலீசுக்கு அதிகாரம் உண்டு. சரியான காரணம் இல்லாமல் மறுத்ததையே கோர்ட்டில் அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம்.

அதே சட்டம் டிரைவருக்கும் ஒரு பாதுகாப்பு தந்திருக்கிறது. கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் மருத்துவ பரிசோதனை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

தண்டனை என்ன?

முதல் தடவை: 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்.

மறுபடியும் சிக்கினால்: 2 வருடம் வரை ஜெயில், அல்லது ரூ.15 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்.

இதற்கு ஸ்பாட் பைன் கிடையாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ரோட்டில் யாராவது 'கொடுத்துவிட்டு போ' என்றால் அது அபராதம் அல்ல.

குடிக்க தூண்டி, வண்டியையும் எடுக்க வைத்தவருக்கும் இதே தண்டனை உண்டு. 188-வது பிரிவு இதை சொல்கிறது. குடித்தவர் ஓட்டும் வண்டியில் தெரிந்தே உடன் செல்பவர்கள் மீதும் வழக்கு போடப்படும் என்று சென்னை போக்குவரத்து போலீசார் 2022 அக்டோபரில் அறிவித்தது குறிப்பிடத்தக்கது.

ரசீது இருந்தால் ஓட்டலாமா?

கூடாது. குடிபோதை கேசில் போலீசார் லைசென்சை வாங்கிக்கொண்டு ஒரு ஒப்புகை சீட்டு தருவார்கள். வேறு சில கேஸ்களில் அந்த சீட்டை வைத்து வண்டி ஓட்டலாம். குடிபோதை கேசில் முடியாது. லைசென்சு திரும்ப வரும் வரை அந்த சீட்டு வண்டி ஓட்டும் அனுமதி ஆகாது என்று சட்டத்திலேயே எழுதி இருக்கிறது.

செல்போனில் லைசென்சு இருக்கிறதே என்றும் ஏமாற வேண்டாம். முடக்கிய விவரம் கம்ப்யூட்டர் பதிவில் ஏறிவிடும். சோதனையில் நம்பரை தட்டினால் தெரிந்துவிடும்.

தடை காலத்தில் வண்டியை எடுத்தால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே வண்டியை கொடுத்த ஓனருக்கும் சிக்கல் உண்டு. அதனால் லைசென்சு போன டிரைவரை எந்த ஓனரும் கூப்பிட மாட்டார். 3 மாத வருமானம் போய்விடும். ரூ.10 ஆயிரம் அபராதத்தைவிட இதுதான் பெரிய அடி.

ஆர்.டி.ஓ. ஆபீசில் நடப்பது என்ன?

போலீசார் வாங்கிய லைசென்சு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு போகும். அங்கே உடனே தடை போட்டுவிட முடியாது. டிரைவரை கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டும். நோட்டீசு வந்தால் அலட்சியமாக தூக்கிப்போடாமல் கண்டிப்பாக போக வேண்டும். விளக்கத்தை ஏற்று விட்டுவிடவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. தடை போட்டால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

உத்தரவு சரியில்லை என்று நினைத்தால் அது கைக்கு கிடைத்த 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். நாள் போய்விட்டால் கஷ்டம்.

இரண்டாவது தடவை சிக்கினால் 3 மாதம் என்ற பேச்சே இல்லை. லைசென்சே ரத்தாகும். ரத்தானவரின் பெயரை பொதுமக்கள் பார்க்க வெளியிடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வகுப்பு எதற்கு?

3 மாதம் முடிந்ததும் லைசென்சு தானாக வந்துவிடாது. 'டிரைவர் புத்தாக்க பயிற்சி'யை முடிக்க வேண்டும். அரசு லைசென்சு பெற்ற டிரைவிங் ஸ்கூலிலோ, மத்திய அரசு அறிவித்த வேறு மையத்திலோ இதை படிக்கலாம். எத்தனை நாள், என்ன பாடம் என்பதை மத்திய அரசு விதிதான் முடிவு செய்யும். எந்த மையத்தின் சான்றிதழ் செல்லும் என்பதை தடை உத்தரவு வாங்கும்போதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. கடைசி நாளில் போய் நின்றால், பயிற்சி முடியும் வரை மேலும் பிழைப்பு கெடும்.

இங்கிலாந்திலும் இப்படி வகுப்பு உண்டு. ஆனால் அங்கே அது விருப்பம். கோர்ட்டு அனுமதித்து, வகுப்பை முடித்தால் தடை காலத்தில் கால் பங்கு வரை குறையும். இங்கே சலுகை எதுவும் இல்லை. 3 மாதமும் கழிய வேண்டும், வகுப்பும் முடிக்க வேண்டும்.

இன்சூரன்சும் கை விரிக்கும்

போதையில் மோதினால் சொந்த வண்டி சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராது. அடிபட்டவருக்கு கொடுத்த நஷ்ட ஈட்டையும் வண்டி ஓனரிடம் திருப்பி வசூலித்துக்கொள்ள பல வழக்குகளில் கோர்ட்டுகள் அனுமதித்து இருக்கின்றன.

ஒரு குவார்ட்டர் சில நூறு ரூபாய்தான். மாட்டினால் அபராதம், 3 மாத வருமானம், கோர்ட்டு, ஆர்.டி.ஓ. அலைச்சல், வகுப்பு என்று செலவு பல ஆயிரத்தை தாண்டும். குடித்த அன்று சாவியை வீட்டில் கொடுத்துவிடுவதும், மறுநாள் காலை ஷிப்டு இருந்தால் முதல் நாள் ராத்திரி பாட்டிலை தொடாமல் இருப்பதும்தான் லைசென்சை காப்பாற்றும் வழி.